ஐந்தாவது இருக்கை

பெங்களூரு,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். உங்கள் மூட்டு வலியும் காது இரைச்சலும் எப்படி இருக்கின்றன? போனில் நான் கத்துவதும், நீங்கள் எதற்கென்று தெரியாமலே "சரிப்பா, சரிப்பா" என்பதும் போதும் என்றுதான் கடிதத்துக்கு வந்திருக்கிறேன். தபால் தலை எங்கே விற்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. பதவி உயர்வு வந்திருக்கிறது. ரொம்ப நாள் ஆசைப்படி ஒரு எஸ்யூவி வாங்கப்போகிறேன். சொகுசு வண்டிதான், ஆனால் பந்தய வண்டி மாதிரி பாயும். ஒரே கம்பெனியில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று ஐந்து பேருக்கு, பின்பக்கம் கூரை சரிந்திருக்கும். நிற்கும்போதே ஓடுவது போல இருக்கிறது. இன்னொன்று ஏழு பேருக்கு, கொஞ்சம் நீளம், கொஞ்சம் மந்தம். எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. நாம் ஐந்து பேர்தானே: நான், அனுபமா, சுதர்சன், குட்டி, நீங்கள்.

முப்பத்தைந்து வருடம் நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவர் நீங்கள். உங்கள் கண்ணில் படாத குறை இருக்காது. பார்த்துச் சொல்லுங்கள். பிப்ரவரி ஒன்பது, அம்மாவின் முதலாண்டு நினைவு நாள். அன்று இந்தப் புது வண்டியில்தான் ஐந்து பேரும் போளூர் பக்கத்துத் திருமலைக்குப் போகிறோம். நேமிநாத தீர்த்தங்கரருக்கு அபிஷேகம் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகாவீர்

*

அருகன் துணை

திருவண்ணாமலை,
12 ஆகஸ்ட் 2025

சிரஞ்சீவி மகாவீருக்கு அப்பா எழுதுவது. இங்கு நலம். மூட்டு வலி கம்மி, காது அப்படியேதான். குட்டிக்கு சளி விட்டதா?

பதவி உயர்வு கேட்டு மகிழ்ந்தேன். உன் அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். நான் பக்கத்து வீட்டு உண்ணாமலையிடம் மட்டும் சொன்னேன்.

வண்டி பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் நீ கேட்டதால் தாளில் ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். முன்னால் இருவர். பின்னால் மூவர் என்கிறார்கள். குட்டியின் குழந்தை இருக்கை ஒரு பக்கம் நிலையாக மாட்டப்பட்டிருக்கும். இந்த வகை வண்டிகளில் பின்பக்கத் தரையின் நடுவில் ஒரு மேடு இருப்பதாக எங்கோ படித்தேன். அப்படியானால் நடுவில் உட்காருகிறவர் கால்களை அகட்டி வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஆக ஐந்து என்பது உண்மையில் நாலரை. என் கணக்கில் பிழை இருக்கலாம்.

ஏழு பேர் வண்டியை ஒருமுறை யோசித்தால் என்ன? எப்போதாவது யாராவது கூட வரலாம். அன்றைக்கு இடம் போதவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

அனுபமாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிகள்.

அப்பா

*

பெங்களூரு,
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். குட்டி சளியை சுதர்சனுக்குக் கொடுத்துவிட்டாள். அளவுகள் உள்ள புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். மேடு இருக்கிறது, ஐந்து அங்குலம். நடுவில் சுதர்சன்தான் உட்காருவான். ஆறு வயதுப் பையனுக்கு மேடு ஒன்றும் செய்யாது.

போன ஞாயிறு ஷோரூமில் ஓட்டிப் பார்த்தேன். காலை வைத்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. "வயசு திரும்புது உங்களுக்கு" என்று அனு கேலி செய்கிறாள். ஏழு பேர் வண்டியில் அந்தத் துள்ளல் இல்லை. கடைசி வரிசையை நிமிர்த்திவிட்டால் சாமான் வைக்கவும் இடமில்லை.

யாராவது வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அப்பா? அனுவின் பெற்றோரிடம் சொந்த வண்டி இருக்கிறது.

மகாவீர்

*

அருகன் துணை

திருவண்ணாமலை,
14 செப்டம்பர் 2025

சிரஞ்சீவி மகாவீருக்கு ஆசிகள். நலம். சுதர்சனுக்கு மிளகுக் கஷாயம் கொடுக்கச் சொல்.

புத்தகத்தில் அளவுகள் மில்லிமீட்டரில் இருந்தன. தாளில் உள்ள எண்ணும் தரையில் உள்ள நீளமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது என் வேலையில் நான் கற்றது. அதனால் ஒரு காரியம் செய்தேன். நீ சிரிக்கலாம்.

நம் சந்து முனையில், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி இருக்கிறதல்லவா? அங்கே நீ சொன்ன ஏழு பேர் வண்டியே வந்து நின்றது. கேட்கத் தயக்கம். கடைக்குப் போவது போலவும் வருவது போலவும் மூன்று முறை அதைக் கடந்தேன். டிரைவர் இருசப்பன் என்பவர் இறங்கி வந்து என் காதருகே குனிந்து, "என்னா சார், எல்லாரும் மலைய சுத்துவாங்க, நீங்க என் வண்டிய சுத்தறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் தங்கமானவர். "ஏறிக் குந்துங்க சார், அளந்துக்குங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

நடு வரிசை சீட்டை மடக்கினால்தான் கடைசி வரிசைக்குப் போக முடியும். குழந்தை இருக்கை மாட்டிய பக்கத்தை மடக்க முடியாது என்பதைக் கவனி. உள்ளே போய் உட்கார்ந்தேன். முழங்கால் முன் சீட்டில் இடித்தது. தலைக்கு மேல் இரண்டு விரற்கடை. எழுந்திருக்க முடியவில்லை, இருசப்பன்தான் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "பேருக்குத்தான் ஏழு சார். எங்க மொதலாளி ஒரு தபா மாமியார அங்க குந்த வெச்சாரு. அதோட அந்தம்மா வூட்டுக்கே வர்றதில்ல" என்றார்.

டேப்பால் இரண்டு முறை அளந்தேன். வளர்ந்தவர் அங்கே உட்கார முடியாது. நாலே கால் அடி உயரம், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தாராளமாக உட்காரலாம். அப்படியானால் பெரியவர்களுக்கு நடு வரிசை மிஞ்சும். படம் வரைந்து இணைத்திருக்கிறேன். முடிவு உன்னுடையது.

அப்பா

*

பெங்களூரு,
2 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. வேலை என்று சொல்லலாம். அது காரணமில்லை.

உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரிசையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறீர்கள். நடு வரிசையில் கூடுதலாக ஒரு பெரிய வட்டம். ஒன்பது வயதுப் பிள்ளை நம் வீட்டில் இல்லை. அக்கா மகள் சுருதிக்குத்தான் ஒன்பது வயது. அந்தப் பெரிய வட்டம் அக்கா.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். பத்து வருடத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் போய் வல்லரசுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது அக்கா. அதற்குப் பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் அம்மா சாப்பிடாமல் அழுததைப் பார்த்தது நான். கீழ்பென்னாத்தூர் இருபது கிலோமீட்டர். அவள் வந்திருக்கலாம். நீங்கள் கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. இப்போது அம்மாவின் நினைவு நாளுக்கு அவள் நம்மோடு ஒரே வண்டியில் வர வேண்டுமா? எனக்குச் சம்மதமில்லை.

அம்மாவை வேலூருக்குக் கொண்டுபோன அந்த நாளைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் பேசவில்லை.

டிசம்பர் கடைசிக்குள் வண்டிக்குச் சொல்லியாக வேண்டும். ஐந்து பேர் வண்டிதான்.

குளிர் ஆரம்பித்துவிட்டது, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

மகாவீர்

*

திருவண்ணாமலை,
10 நவம்பர் 2025

என் மகள் சந்தனாவுக்கு அப்பா எழுதுவது. இப்படித் தொடங்கும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுருதியும் நலம்தானே?

போன வாரம் கீழ்பென்னாத்தூர் வந்தேன். மாப்பிள்ளை மோட்டார் காயில் கட்டும் கடைக்கு எதிரே, டீக்கடையில் நின்றேன். உங்கள் வீடு எது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி அம்மாவுக்காகத் திருமலையில் அபிஷேகம். நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன். மகாவீர் புது வண்டி வாங்குகிறான். அதில் இடம் இருக்கிறதா என்று இன்னும் முடிவாகவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.

சுருதியின் உயரத்தை உத்தேசமாக நாலே கால் அடி என்று வைத்திருக்கிறேன். தவறென்றால் திருத்து.

அப்பா

*

கீழ்பென்னாத்தூர்,
24 நவம்பர் 2025

அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கையெழுத்து கொஞ்சமும் மாறவில்லை. சுருதி நாலடி இரண்டரை அங்குலம்.

நீங்கள் வந்தது தெரியும். அவர் அன்றே சொன்னார்: "உங்கப்பா எதுத்த கடையில டீ கிளாஸ புடிச்சினு நின்னாரு. ஆறிப்போற வரைக்கும் குடிக்கல. நான் கூப்டா ஓடிடுவாருன்னு கூப்டல." நான் அழவில்லை. சுருதிதான், தாத்தா ஏன் டீ குடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வண்டியில் இடம் வேண்டாம். நான் பஸ்ஸில் வந்து திருமலை அடிவாரத்தில் நின்றுகொள்வேன். எனக்கு அது பழக்கம். அம்மாவை வேலூருக்குக் கொண்டுபோன அன்றைக்கு உண்ணாமலையக்கா போன் செய்ததும் ஆட்டோ பிடித்து வந்தேன். நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். "எடம் இல்லக்கா, பஸ்ஸ புடிச்சி வந்துடு" என்றான் தம்பி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் அனுபமா. அனுபமாவுக்கு அந்தப் பக்கம் பச்சைப் பை. நான் பார்த்தேன் அப்பா. அந்தப் பை உட்கார்ந்திருந்த இடம் ஒரு ஆள் இடம். நீங்கள் முன் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

போளூர் வரை நின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா போய் அரை மணி ஆகியிருந்தது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். வண்டி கிளம்பும்போது அம்மா கண் விழித்திருந்தாளா? நான் வந்ததைப் பார்த்தாளா? ஒன்பது மாதமாக இதைத்தான் நினைத்துக்கொண்டு படுக்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்றாவது எழுதுங்கள்.

சந்தனா

*

அருகன் துணை

திருவண்ணாமலை,
8 டிசம்பர் 2025

மகாவீருக்கும் சந்தனாவுக்கும்,

இருவருக்கும் ஒரே கடிதம். கையாலேயே இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாறாமல் ஒத்துப் பார்த்துவிட்டேன். தீபக் கூட்டம் வடிந்து, இன்றுதான் தபால் நிலையம் வரை நடக்க முடிகிறது. ஆனால் தாமதத்துக்குக் கூட்டம் காரணமில்லை.

சந்தனா கேட்டதற்குப் பதில்: அம்மா விழித்திருந்தாள். உன்னைப் பார்த்தாள். வண்டி தெரு முனை திரும்பியதும், "சந்தனா ஏறிக்கினாளா?" என்று கேட்டாள். மகாவீர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அனுபமா மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர்கள் காதில் விழவில்லை என்றே நம்புகிறேன். சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கானது.

அப்போதே என் காது மந்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் குரல் எனக்குக் கேட்டது. நாற்பத்தாறு வருடம் கேட்ட குரல். திரும்பாமல் இருந்துவிட்டேன். இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஏறிவிட்டாள் என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. கேட்காதவன் போல் இருப்பது சுலபமாக இருந்தது. ஆரணிச் சாலை பிரியும் இடத்துக்குப் பிறகு அவள் பேசவில்லை.

அடுத்தது பை. அதில் ஃபிளாஸ்க்கில் கஞ்சியும் வடிகட்டிய நீரும் இருந்தன. நம் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் உங்கள் அம்மா ஒரு சொட்டு நீர்கூடக் குடித்ததில்லை. வேலூர் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டால் என்ன செய்வது, வழியிலேயே கொடுக்க வேண்டும், அதனால் பை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இப்படித்தான் எனக்கு நானே இவ்வளவு நாளாகச் சொல்லிவந்தேன். அவளோ ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பையை யார் அங்கே வைத்தது என்று நினைவில்லை. கஞ்சியை ஊற்றி மூடியவன் நான். வைத்தவனும் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அது முக்கியமில்லை. அதை என் மடியில் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தனா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் தைரியம் இல்லை. யாருக்குப் பயந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மகாவீர் கோபித்துக்கொண்டிருக்கக்கூட மாட்டான்.

மகாவீர், ஐந்து பேர் வண்டியோ ஏழு பேர் வண்டியோ, உனக்குப் பிடித்ததை வாங்கு. எத்தனை இருக்கை என்று இத்தனை மாதம் உன்னை நச்சரித்தது வண்டிக்காக அல்ல. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐந்து பேர் என்று நீ எண்ணினாயே, அதில் ஐந்தாவது நான். அந்த இடத்தை உன் அக்காவுக்குக் கொடு. எனக்குப் பஸ் இருக்கிறது.

அப்பா

*

பெங்களூரு,
11 ஜனவரி 2026

அப்பாவுக்கு,

வழக்கம்போல் நலம் விசாரித்துத் தொடங்க முடியவில்லை. மன்னியுங்கள்.

பையை அங்கே வைத்தது நீங்கள் இல்லை. நான்.

அது டிக்கியில் இருந்தது. அம்மாவை ஏற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தேன். தெரு முனையில் ஆட்டோ நின்றது. அக்கா இறங்கிச் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டிக்கியைத் திறந்து பையை எடுத்துப் பின் சீட்டில் வைத்தேன். "கஞ்சி பக்கத்துல இருக்கட்டும், பொழுதோட குடிக்கணும்ல" என்று அனுவிடம் சொன்னேன். மணி நாலு. பொழுது சாய இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அம்மாவின் வழக்கத்தையே காரணம் காட்டி அம்மாவிடமிருந்து அவளைத் தள்ளி வைத்தேன்.

பத்து வருடம் வராதவள் இப்போது மட்டும் வருகிறாளே என்று இருந்தது. அம்மாவின் பக்கத்தில் அவள் உட்காரக் கூடாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். பஸ்ஸில் வந்துவிடுவாள், அம்மா சரியானதும் எல்லாம் சரியாகும் என்றும் நினைத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையை எடுத்திருப்பேன் என்பது உண்மை. நீங்கள் சொல்லவில்லை என்று இத்தனை நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன் என்பதும் உண்மை.

இதை அக்காவுக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

வண்டி ஐந்து பேர் வண்டிதான்; போன மாதமே சொல்லிவிட்டேன். ஏழு பேர் வண்டி எடுத்திருந்தாலும், கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்கார முடியாது என்று நீங்களே அளந்துவிட்டீர்கள். அனுவும் பிள்ளைகளும் அவள் அப்பாவின் வண்டியில் நேராகத் திருமலைக்கு வருவார்கள். ஒன்பதாம் தேதி காலை நான் கீழ்பென்னாத்தூர் போகிறேன். அக்கா ஏறினால் அவளோடும் சுருதியோடும் வந்து உங்களைக் கூட்டிக்கொள்வேன். ஏற மாட்டேன் என்றால் வண்டியை அத்தான் கடை வாசலில் விட்டுவிட்டு அவர்களோடு பஸ்ஸில் வருகிறேன். எப்படியானாலும் தயாராக இருங்கள்.

மகாவீர்

*

அருகன் துணை

திருவண்ணாமலை,
12 பிப்ரவரி 2026

சிரஞ்சீவி மகாவீருக்கு,

நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். அனுபமாவும் பிள்ளைகளும் நலமா? எனக்கு மலைப் படி ஏறிய கால் வலி மட்டும் இருக்கிறது. அது போய்விடும்.

உன் வண்டி நம் வாசலில் வந்து நின்றபோது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. கதவைப் பூட்டுவது போல் திரும்பி நின்றுகொண்டேன். சுருதி இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போன வருடம் சந்தனா நின்ற அதே இடம்.

அவள் முன் சீட்டில் இருந்தாள். இறங்கி எனக்கு அந்த இடத்தைத் தந்தாள். வேண்டாம் என்று பின்னால் ஏறிக்கொண்டேன். மேடு ஐந்து அங்குலம்தான். புத்தகத்தில் உள்ள அளவு சரி. சுருதி நடுவில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கில் கஞ்சி இருக்கிறது, தண்ணீர் இரண்டு முறை வடிகட்டியது, திரும்பும்போது பொழுதோடு குடித்துவிட வேண்டுமாம் என்று என் காதில் கத்திச் சொன்னாள். அந்த வழக்கத்தை சந்தனா விட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அதுவும் என் தவறான கணக்கு.

பின்னால் எனக்கும் சுருதிக்கும் போக ஓர் இருக்கை காலியாக இருந்தது. டிக்கியும் காலி. ஆனால் சந்தனா பையைத் திருமலை வரை மடியிலேயே வைத்திருந்தாள். பின்னால் வை என்று நீ கையைக் காட்டினாய். அவள் தலையை மட்டும் அசைத்தாள். கண்ணாடியில் பார்த்தேன்.

போளூர் தாண்டியதும் நீ ஏதோ சொன்னாய். அவள் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ பதில் சொன்னாள். பிறகு நீ வண்டியை ஓரம் கட்டினாய். சுருதி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

என்ன பேசினீர்கள் என்று எழுத வேண்டாம். இந்த முறை எனக்கு உண்மையாகவே கேட்கவில்லை.

ஆசிகளுடன்,
அப்பா